துண்டு போட்ட இடம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். நான் மட்டுமா? சிங்கவரம், தொண்டூர், அவலூர்பேட்டை என்று சுற்றுவட்டாரமே நின்றிருந்தது. லீவுக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் வேலைக்குத் திரும்பும் நேரம்.

பக்கத்தில் சிங்கவரத்துத் தம்பதி. கணவர் ஏழுமலை, மணிலா, அதாவது வேர்க்கடலை, போட்டிருக்கும் விவசாயி. மனைவி செல்வி, கையில் இரண்டு பெரிய பை. தாம்பரத்தில் இருக்கும் மகளுக்கு இந்த மாதம் தலைப்பிரசவம். தாய்வீட்டில் நடக்க வேண்டியதுதான்... ஆனால் மகள் கடைசிவரை ஆபீஸ் போகிறாள், டாக்டரும் அங்கேதான். ஆகவே தாய்வீடே பஸ் ஏறுகிறது!

மூன்றே மாதத்தில் வந்துவிடுவேன் என்றார் செல்வி. ஏழுமலை பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். பாவம், அவர் கவலை எனக்குப் புரிந்தது. எங்கள் தெருவிலும் 'மூன்று மாதம்' என்று போனவர்கள் உண்டு. குழந்தைக்குப் பல் முளைக்கும், மகள் ஆபீஸ் கிளம்புவாள், அப்புறம் ஸ்கூல் வேன்... போனவர் போனவர்தான்.

சென்னையில் ஜனத்தொகை ஏன் இப்படி ஏறுகிறது என்று பெரிய பெரிய ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். என் கணக்கு சுலபம். அங்கே ஒரு குழந்தை பிறந்தால் கூடுவது ஒன்றல்ல — இரண்டு!

பஸ் வந்தது. ஏழுமலை ஓடிப்போய், காலியான ஜன்னலோர சீட்டில் தன் துண்டைப் போட்டார். அப்பாடா என்று திரும்பினால், அதே ஜன்னல் வழியாகத் துண்டு வெளியே நீள்கிறது.

"அங்கிள், உங்க துண்டு உள்ள விழுந்துடுச்சு."

பஸ்ஸுக்குள் நின்றிருந்த ஓர் இளைஞன். துண்டைக் கொடுத்துவிட்டு, அந்த சீட்டில் உட்கார்ந்தும் விட்டான்! பூர்வீகம் அவலூர்பேட்டையாம், பிறந்து வளர்ந்தது சென்னை. துண்டு போட்டால் சீட் ரிசர்வ் ஆகிவிட்டது என்று அவனுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? திட்டவா முடியும்? விஷயத்தைச் சொன்னதும் அசடு வழிய எழுந்துகொண்டான். ஏழுமலை எதற்கும் இருக்கட்டும் என்று துண்டை மறுபடி உள்ளே போட, செல்வி வந்து உட்கார்ந்தார். நானும் அந்தப் பையனும் பக்கத்தில் நின்றோம்.

பஸ் நகரும்போதுதான் செல்விக்கு ஞாபகம் வந்தது. ஜன்னல் வழியாகத் துண்டை நீட்டினார். ஏழுமலை கை நீட்டவில்லை.

"நீயே வச்சிக்கோ. வரும்போது எத்துனு வா."

செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

திண்டிவனம் நெருங்கும்போது மெதுவாகக் கேட்டேன், நிஜமாகவே மூன்று மாதம்தானா என்று.

"பின்ன இன்னா சார்? மனுசன் எம்மேல துண்டு போட்டு வச்சிருக்குது. வேற யாராச்சும் வந்து குந்திக்கறதுக்குள்ள ஊருக்குப் போயிடணும்ல?"

முதலில் சிரித்தது அந்தச் சென்னைப் பையன்தான். துண்டு என்றால் என்ன என்று அவனுக்கும் இப்போது தெரிந்துவிட்டதே!