போர்டில் அடுத்தவர் பெயர்

ஒரகடம் தொழிற்சாலை வேலையை விட்டதும் சொந்தப் பெயரில் டீக்கடை வைத்தேன். ஆறே மாதத்தில் மூடினேன். அடுத்து, ஊரறிந்த டீக்கடை நிறுவனம் ஒன்றின் கிளையை எடுத்தேன்.

"அடுத்தவன் பேரை மாட்டிக்கினு நீ இன்னா முதலாளி?" என்று அண்ணன் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

நிறுவனத்து ஆட்கள் ஒரு வாரம் பக்கத்தில் நின்று, பால், தூள், கொதி எல்லாவற்றுக்கும் அளவு சொல்லித் தந்தார்கள். முதல் கடையில் எனக்கு அதைச் சொல்ல யாருமில்லை.

திறந்த அன்று ஷிப்ட் முடிந்து வந்த மதுரைப் பெண்கள் போர்டைப் பார்த்ததும், "எங்க ஊர்லயும் இந்தக் கடை இருக்குக்கா!" என்று நேராக உள்ளே வந்தார்கள்.

அண்ணனும் வந்தார். டீயை ரசித்துக் குடித்துவிட்டு, "போர்டுல உன் பேரு இல்லியே" என்றார்.

"வேணாம்ணா. கடை என்னுது. இன்னொரு டீ போடட்டா?" என்றேன்.