புதன்கிழமை எண்ணெய்க் குளியல்

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். வாடிப்பட்டிக்குப் பக்கத்தில், பெரியாறு வாய்க்கால் பாயும் ஒரு கிராமத்தில் நான் வாழ்க்கைப்பட்டு மூன்றாவது வருஷம். ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலது கண்ணில் புகை மூடியது போல் இருந்தது. சில வாரங்களில் தானாகத் தெளிந்துவிட்டது. அப்புறம் கால் மரத்துப்போனது. அதுவும் சரியானது, பிறகு மறுபடி வந்தது. இப்படி நினைத்தால் வந்து நினைத்தால் போகும் வியாதியை யார் நம்புவார்கள்? காலையில் வயல் தண்ணீரில் நின்று நாற்று நட்டவள் மத்தியானம் அடுப்படியில் சரிந்தால், வேலைக்கள்ளி என்றுதான் ஊர் சொல்லும். சொன்னது.

என் மாமியார் கெட்டிக்காரி. ஊர் சொன்னதை அப்படியே வாங்கிக்கொள்ளாமல் கவனித்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமைதான் எனக்கு ரொம்ப மோசமாகிறது என்று கண்டுபிடித்தார். அது உண்மைதான். வெள்ளிக்கிழமை வந்தால் கண் மங்கி, கால் துவண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆகவே ஏதோ ஒன்று என்னைப் பிடித்திருக்கிறது என்று முடிவாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை கோடாங்கி வந்து உடுக்கடித்து அதை ஓட்டுவது, ஓடாவிட்டால் என்னை எழுமலையில் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று ஏற்பாடு. அதற்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கு வேறு பெண் பார்ப்பார்கள். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

பயம் இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக ஒரு கேள்வி குடைந்தது. பேய்க்குக் கிழமை எப்படித் தெரிகிறது?

கோடாங்கிக்கு முன்னால் ஒரு டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தார். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ்ஸில், கரி எரியும் உலைக்குப் பக்கத்தில்தான் எனக்கு இடம் கிடைத்தது. மதுரையில் இறங்கும்போது கால் வரவில்லை. அவர்தான் தூக்கி இறக்கினார். அன்று திங்கட்கிழமை. இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் என் பாதத்தை மேல்நோக்கி அழுத்தியதும், தையல் மிஷின் மிதிபோலக் கால் தானாகத் துடிக்க ஆரம்பித்தது. நரம்புகளில் அங்கங்கே தழும்பு விழுகிற வியாதியாக இருக்கலாம் என்றார். குளிர் தேசத்துக்காரர்களுக்கு வருவதாகத்தான் புத்தகத்தில் இருக்கிறது, இந்தப் பக்கம் வருமா என்று அவருக்கே சந்தேகமாம். பாஷாணம் கலந்த ஒரு ஊசி உண்டாம். அதனால் பலன் உண்டா என்று கேட்டால் கையை விரித்தார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. வெள்ளிக்கிழமை விஷயத்தையும், பஸ்ஸில் உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை காலையில என்ன பண்ணுவீங்க?"

"எண்ணெ தேச்சு வெந்நியில தலை முழுகுவேன்."

கிழமை இல்லை, சூடுதான் காரணமோ என்றார். வெந்நீர்க் குளியலை வேறு கிழமைக்கு மாற்றி, வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீரில் குளித்துப் பார்க்கச் சொன்னார். "என்ன ஆச்சுன்னு வந்து சொல்லுங்க. எனக்கும் தெரியணும்" என்றார்.

வெள்ளிக்கு முன்னால் புதன்தான் வாகாக இருந்தது. ஆனால் புதன்கிழமை எங்கள் வீட்டில் ஆண்கள் எண்ணெய் தேய்க்கும் நாள். பொம்பளை அன்றைக்கு முழுகினால் குடும்பம் விளங்குமா என்று மாமியார் குதித்தார். ஆனால் மறுநாள் சாயங்காலம் அவரே வந்து நின்றார். அவரையும் அந்தக் கிழமைக் கேள்வி சும்மா விடவில்லை போலிருக்கிறது.

"சரி. பொதங்கெழம நீ விழுந்தா வெந்நி. விழலைன்னா கோடாங்கி. ஆனா நடிச்சேன்னா எனக்குத் தெரியும்."

டாக்டர் எப்படிக் காலை அழுத்தினார் என்று மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். புதன்கிழமை குளிக்குமுன் அழுத்திப் பார்த்தார். லேசாகத் துடித்து நின்றுவிட்டது. தன் கையாலேயே எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, ஆவி பறக்கும் வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றினார். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. கல் போல நின்றேன். என் கால் துவண்டு விழ வேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்ட பைத்தியக்காரி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அண்டா காலியாகப் போகும் நேரத்தில் வலது கண்ணில் அந்தப் புகை வந்தது. பிறகு முழங்கால் மடங்கியது. ஈரத் தரையில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன்.

மாமியார் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்தார். என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, பாதத்தை அழுத்தினார். கால் துடித்தது. அவர் இரண்டு கையாலும் பிடித்தும் நிற்கவில்லை. ஒரு மாமியார் மருமகள் காலைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார், எனக்கோ கூச்சத்தில் உயிர் போகிறது. இழுத்துக்கொள்ளலாம் என்றால் கால் என் பேச்சைக் கேட்டால்தானே.

"இம்புட்டையும் வச்சுக்கிட்டா அடுப்படியில நின்ன?" என்றார். 

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாய்க்காலில் முழுகிவிட்டு நானாகவே நடந்து வீடு வந்தேன். மத்தியானம் உடுக்கையோடு வந்த கோடாங்கிக்கு மாமியார் வெற்றிலை பாக்குக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைக்கும் இவளுக்கும் சம்பந்தமில்லை, இவளுக்கு வெந்நி ஆகாது, அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எழுமலைப் பேச்சு அதோடு நின்றது. அன்றுமுதல் மத்தியானச் சமையல் அவருடையது, வெயிலுக்கு முந்திய வேலைகள் என்னுடையவை. டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னபோது, மருந்து கண்டுபிடித்தவர் போலச் சந்தோஷப்பட்டார்.

மருந்து இன்றுவரை கிடைக்கவில்லை. வியாதி வருவதும் போவதுமாய் இருந்து, இப்போது கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. ஆனாலும் தடியை ஊன்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்: என்னை நம்பாத ஒருவர், நம்ப முடியுமா என்று பார்ப்பதற்காக என் காலைத் தன் மடியில் ஏந்தினாரே, அதற்குமேல் ஒரு வைத்தியம் எனக்கு யாரும் செய்ததில்லை.