பெட் காலியானா சொல்லி அனுப்பறனுங்க

போன செவ்வாய்க்கிழமை ஓரிடத்தில் எனக்கு அருமையான காபி கொடுத்தார்கள். இன்னும் நாக்கில் கசக்கிறது.

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு குடிமறுவாழ்வு இல்லம். என் பக்கத்து வீட்டு ரங்கசாமியை — பெயரை மாற்றியிருக்கிறேன் — சேர்க்கப் போயிருந்தோம். பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். குடி பழைய கதை. ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது புதுக்கதை. அது தெரிந்த நாளிலிருந்து குடி இன்னும் கூடிப்போயிற்று.

அன்று காலை அவரே வந்தார். "இன்னைக்கே சேர்த்துப்போடுங்க. நாளைக்கு எம்மனசு மாறிப்போயிருமுங்க."

விட முடியுமா?

இல்லத்து மேனேஜர் எழுந்து நின்று கும்பிட்டார். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படித்தார். குரல் இன்னும் குழைந்தது.

"காபி சாப்பிடுங்க. பெட் காலியானா சொல்லி அனுப்பறனுங்க."

"பரவால்லீங்க, இருந்தே சேர்த்திட்டுப் போறமுங்க" என்றார் ரங்கசாமியின் மனைவி.

வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். மதியமாயிற்று. குடிக்காத கை உதற ஆரம்பித்தது. சட்டை வியர்வையில் நனைந்தது. அவர் கண் கேட்டுக்கு வெளியே போய்ப் போய் வந்தது. எதிரே ஒயின் ஷாப்! இப்போது எழுந்து போய்விட்டால்... திரும்ப வருவாரா?

எங்களுக்குப் பின்னால் வந்த ஒருவர் பையோடு உள்ளே போனார். கட்டில் கிடைத்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீட்டைப் படித்த காலையிலேயே எங்களுக்கு 'இல்லை' சொல்லியாகிவிட்டது. நம்மூரில் முகத்துக்கு நேரே யார் மறுப்பார்கள்? பெண் பிடிக்காவிட்டாலும் 'ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறமுங்க' என்றுதானே எழுந்து வருகிறோம்? இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு அது புரிய அரை நாள் ஆயிற்று.

ஆட்டோ பிடித்து டவுனுக்குள் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே நாகர்கோவில் பக்கத்து நர்ஸம்மா ஒருவர். பார்த்ததுமே எரிந்து விழுந்தார்.

"கை இந்த உதறு உதறுது. இம்புட்டு நேரம் எங்க சுத்திட்டுக் கெடந்தீரு?"

ரங்கசாமியின் மனைவி சீட்டைக் கொடுத்துவிட்டுத் தயங்கினார். "அவருக்கு... அந்தச் சீட்டுல..."

"படிச்சேன். அது இருக்குன்னா, குடிச்சே சாவணுமா? வந்து கட்டில்ல படும்."

ரங்கசாமி படுத்தார். படுத்ததும் அழுதார். தேறுவாரா? தெரியவில்லை. சொல்லப்போனால், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

மரியாதை மெதுவாகக் கொடுக்கலாம் சாமி... முதலில் கட்டிலைக் கொடுங்கள்.