சூடம் காட்டிய படம்

சாமி படம் என்று சொல்லித்தான் கேசட்டை எடுத்து வந்தார்கள். மாத்தளை டவுனில் வீடியோக் கடைக்காரன் உறையை மட்டும் சரியாகக் கொடுத்திருந்தான். உறையில் வேலும் மயிலும் இருந்தன. உள்ளே இருந்தது ஒரு கார்ட்டூன்.

மாரியம்மன் திருவிழாவுக்குப் படம் போடுவது எங்கள் கொக்கோத் தோட்டத்தில் வழக்கம். முன்பெல்லாம் விடிய விடிய ஓடும். யுத்தத்தால் நாடு இருந்த நிலைமையில் ராத்திரி ஆட்கள் கூடுவதற்குப் பொலிஸ் அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே அந்த வருடம் பட்டப்பகலில் பிள்ளைக் காம்பராவில் போட்டோம். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்கிற மண்டபம் அது. இருட்டு வேண்டுமென்று ஜன்னல்களில் மிளகுச் சாக்குகளைத் தொங்கவிட்டார்கள். படம் தொடங்குவதற்கு முன்பே பாதிப்பேர் தும்மிக்கொண்டிருந்தார்கள்.

சாமி படமென்றால் டீவிக்கும் மரியாதை உண்டு. அதற்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பூசாரி சூடம் காட்டினார். எல்லோரும் கைகூப்பி நின்றோம். அப்போதுதான் கேசட் உள்ளே போனது. முருகன் வரவேண்டிய இடத்தில் மஞ்சளாய் ஒரு வானம் வந்தது. அதற்குக் கீழே கரிந்துபோன பூமி.

"படத்த மாத்துங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். மாற்ற வேறு கேசட் இல்லை. டவுனுக்குத் திரும்பிப் போகச் சொன்னால் இளவட்டங்கள் நகரவில்லை. ராணுவச் சென்ட்ரியில் ஐடியைக் காட்டி ஒருதரம் ஏச்சு வாங்கி வந்ததே போதும் என்றார்கள். நிறுத்திவிடலாம் என்றேன். பூசாரி விடவில்லை.

"சூடம் காட்டியாச்சுங்க ஐயா. இனி பாதியில நிறுத்தினா தெய்வக் குத்தம்."

அப்படித்தான் எங்கள் தோட்டமே ஒரு கார்ட்டூனைப் பயபக்தியோடு பார்த்தது.

நான் அப்போது அங்கே கணக்கப்பிள்ளை, ஆட்களை வேலைக்குப் பிரித்துப் பேர் போடுகிறவன். மண்டபத்தில் இருந்த ஒரே நாற்காலி எனக்கு. மடியில் என் இரண்டு வயது மகள். பக்கத்து வாங்குப் பலகையில் மனைவி. மற்ற எல்லோரும் தரையில். எழுந்து போயிருக்கலாம். நாற்காலியில் இருக்கிறவன் எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று உட்கார்ந்தே இருந்தேன்.

படத்தின் பாஷை சீனமா ஜப்பானா, யாருக்கும் பிடிபடவில்லை. கதை மட்டும் பிடிபட்டது. உலகம் ஒருதரம் எரிந்து முடிந்துவிட்டது. மிஞ்சிய ஜனங்கள் மண்ணுக்குள் வளை தோண்டிக் குளிரில் நடுங்கிக்கொண்டு கிடக்கிறார்கள். வெளியே மலையளவு ஒரு மிருகம், பார்க்க எருமை மாதிரி. அதன் முதுகில்தான் உலகத்தின் கடைசிக் காடு இருக்கிறது. மிருகம் நடந்தால் காடும் கூடவே நடக்கும். ஜனங்களுக்கு விறகு வேண்டும். அதற்காக ஓர் ஆள் கோடாலியோடு அதன் முதுகில் ஏறுகிறான்.

"முனியாண்டி வாகனம்" என்றார் பூசாரி. முனியாண்டிக்கு எருமை வாகனம் எப்போதிருந்து என்று யாரும் கேட்கவில்லை. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் நெளிந்தேன்.

நெளிந்ததற்குக் காரணம் இருந்தது. ஓடையோரத்தில் எங்கள் முனியாண்டிக் கல் ஒரு பெரிய மருத மரத்தின் அடியில் இருந்தது. பிள்ளையில்லாதவர்கள் புடவையில் ஒரு துண்டு கிழித்து, உள்ளே ஒரு கூழாங்கல்லை வைத்து, அந்த மரத்தில் தொட்டிலாகக் கட்டுவார்கள். தோட்டத்து மரங்களை விற்கத் தோட்ட நிர்வாகியான துரை முடிவெடுத்தபோது, வெட்டவேண்டிய மரங்களில் வெள்ளைப் பெயின்ற் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. மருதும் அதில் ஒன்று. படம் போட்டதற்கு மறுநாள், திங்கட்கிழமை, மரம் அறுக்கிறவர்கள் வருவதாக இருந்தது.

சும்மா அடித்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. துரையிடம் போனேன். "அந்த மருது வந்து..." என்று தொடங்கினேன். துரை நிமிர்ந்து பார்த்தார். "...நல்ல வைரம் பாய்ந்த மரம்" என்று முடித்தேன். என் வீரம் அவ்வளவுதான். பொறுப்பு, குவார்ட்டர்ஸ், பால் குடிக்கிற பிள்ளை என்று எனக்கு நானே ஆயிரம் சொன்னேன். தோட்டத்துத் தலைவர் வந்து கேட்டபோது, "தொரை உத்தரவு" என்று கையை விரித்தேன். அந்த நாட்களில் ஒரு மரத்துக்காகத் துரையோடு மோதிப் பொலிஸ் வரை போக யாருக்கும் தைரியமில்லை. கல்லை மட்டும் கோயிலுக்கு எடுத்துப் போகிறோம் என்று ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. என் மனைவியின் தொட்டிலும் அந்த மரத்தில்தான் தொங்கியது. கல்யாணமாகி நெடுநாள் பிள்ளையில்லாமல் அவள் அழுதுகொண்டிருந்தபோது, கொக்கோ பறிக்கிற கூட்டத்திலிருந்த ஒரு பெண்தான் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனாள். இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே கிளையில் கட்டினார்கள். எங்களுக்கு மகள் பிறந்தாள். அவளுக்கு இன்னும் இல்லை. மகள் பிறந்த செய்தி கேட்டு முதலில் ஓடிவந்து தூக்கியவளும் அவள்தான். அன்று படம் பார்க்கும்போது என் நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மகளின் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

படத்தில் அந்த ஆள் கோடாலியை ஓங்கினான். மிருகம் முட்டவில்லை, உதறவில்லை. அவனுக்கு வசதியாக முழங்காலை மடித்து உட்கார்ந்தது. அவன் அதன் கண்ணைப் பார்த்தான். கோடாலியைக் கீழே போட்டான். மண்டபத்தில் ஒரே கைதட்டல். சின்னப் பிள்ளைகள் விசிலடித்தார்கள்.

கைதட்டல் அடங்கியதும் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. முழுமூச்சாகத் திரும்பாமல் இருந்தார்கள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சாக்குகளை அவிழ்த்த பிறகும் ஒருவரும் கலையவில்லை. படம் எப்படி என்று பேச்சு எழுந்தது. நல்ல படம்தான், பாட்டு மட்டும் இல்லை என்றார் ஒரு பெரியவர். மிருகத்துக்குச் சாப்பாடு யார் போடுவது என்று ஒருத்தி கேட்டாள். பிறகு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கோடாலிய கீழ போட்டதெல்லாம் படத்துல சரிப்பா. நெசத்துல போட்டா அடுத்த நாளு அவனுக்கு யாரு பேர் போடுவா?"

எல்லோரும் சிரித்தார்கள். பேர் போடாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்பது தோட்டத்தில் குழந்தைக்கும் தெரியும்.

"அவன் என்னா செய்வான்? மேல உள்ளவன் சொல்றான், வெட்டுறான்" என்றார் இன்னொருவர்.

"ஆமாங்க" என்றாள் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தவள். மகளின் பாதத்தை அவள் இன்னும் விடவில்லை. "வெட்டியிருந்தாலும் அவன நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவனுக்கும் ஊட்டுல புள்ள குட்டி இருக்கும்ல."

படத்தில் அவனுக்குப் பிள்ளை குட்டி எதுவும் காட்டவில்லை. அவர்கள் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது என் மனைவிக்கும் விளங்கியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்குகளையெல்லாம் அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து, அந்தக் கார்ட்டூன்காரனுக்குக் கொடுப்பதுபோல் எனக்குக் கொடுத்தார்கள். திட்டியிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். சத்தம் போடுவது எனக்குக் கைவந்த கலை. இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

துரை பங்களாவுக்குப் போக அன்று முழு மாலைப்பொழுதும் இருந்தது. மனைவி தேநீரை வைத்துவிட்டு, "ஒருதரம் கேட்டுப் பாக்கலாமே" என்றாள். ஞாயிற்றுக்கிழமை துரையைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் காலை பிரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கடைசியாக வந்தாள். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. மடியிலிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டினாள். வெயிலிலும் மழையிலும் வெளுத்துப்போயிருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்தது. என் மனைவியின் கல்யாணப் புடவையின் ஓரம்.

"இது அம்மாவோடதுங்க. வேண்டுதல் பலிச்ச தொட்டில், மரத்தோட கீழ விழக்கூடாது. அம்மாகிட்ட குடுத்துருங்க."

கூழாங்கல்லும் உள்ளேயே இருந்தது.

"ஒன்னோடது?" என்று கேட்டேன்.

"நானே அவுத்து ஓடையில விட்டுட்டேங்க. ஐயாவுக்கு எதுக்கு அந்தப் பாவம்."

சொல்லிவிட்டுக் கொக்கோ மலைக்கு நடந்தாள். கீழே லொறிச் சத்தம் கேட்டது. மரம் அறுக்கிறவர்கள் இறங்கி, எந்த மரத்தில் தொடங்குவது என்று கேட்டார்கள். துணியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், நான்தான் மருதைக் காட்டினேன்.