புதன்கிழமை ஒரு மணித்தியாலம்

நீதிமன்றம் பிள்ளைகளைப் பிரித்து வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மொழிபெயர்க்கும் எங்கள் வேலையில், நாள் முழுக்கப் பேசலாம், சொந்தமாக ஒரு சொல்கூடப் பேசக்கூடாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், ஒரு லோண்ட்ரியில் உடுப்பு மடித்தபடி பிரெஞ்சு பழகியவள். எதற்கும் பதறுகிறவள் வேறு. அடுத்த வீட்டுக் கவலையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் நித்திரையைக் கெடுத்துக்கொள்பவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

கைக்கு வேலை

யோகா வன்னியில் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு இந்தப் பிரெஞ்சு நகரத்துக்கு வந்தவள். மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் ஒற்றை அறை. விடியக் காலமை கந்தோர்கள் துப்புரவாக்கப் போகும்போது, நித்திரையாய்க் கிடக்கும் மகளைப் பூட்டிவிட மனமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போவாள். ஒரு நாள் ஐந்து வயது அபி எழும்பி மாடிப்படியில் குந்தியிருந்து அழ, பக்கத்து வீட்டார் பொலிசைக் கூப்பிட்டார்கள். நீதவான் பிள்ளையைப் புறநகரான ஸ்தேனில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்திடம் ஒப்படைத்தார். யோகாவுக்கு இரண்டு கிழமைக்கு ஒரு புதன்கிழமை, ஒரு மணித்தியாலம். அந்த அறையில் சமூகப் பணியாளர் கிளேர் கொப்பியோடு இருப்பார். பக்கத்தில் நான்.

முதல் நாளே யோகா சோறும் பருப்பும் குழைத்துக் கொண்டுவந்து, உருட்டி உருட்டி ஊட்டினாள். "அங்கே கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடித்துச் சாப்பிடுகிறாளே, இங்கே தாய் ஏன் குழந்தைபோல் நடத்துகிறார்?" என்று கிளேர் கேட்டார். பேனை எழுதத் தயாராக நின்றது. ஆனாலும் கேட்டதை அப்படியே சொன்னேன்.

யோகா அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "அவளுக்குச் சாப்பிடத் தெரியும் எண்டு எனக்கும் தெரியும், அக்கா. ரெண்டு கிழமையா என்ரை கைக்குத்தான் வேலை இல்லை."

நான் சொன்ன பொய்

நாலு மாதத்தில் அபி முழுக்கப் பிரெஞ்சில் பேசத் தொடங்கிவிட்டாள். தாய் தமிழில் கேட்பாள், மகள் என்னைப் பார்த்துப் பதில் சொல்வாள். அன்றைக்கு அவள் கேட்டது, "இன்றைக்கு வெள்ளெனப் போகலாமா? வீட்டில் லியாவுக்குப் பிறந்தநாள்." லியா அந்தக் குடும்பத்தின் மகள். 'வீட்டில்' என்று அவள் சொன்னது எனக்கு நெஞ்சில் குத்தியது. "சுகமா இருக்கிறாளாம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். இத்தனை வருட வேலையில் செய்யாத குற்றம்.

"பிள்ளையின்ரை முகம் எனக்கு விளங்கும் அக்கா. உள்ளதைச் சொல்லுங்கோ" என்றாள் யோகா. சொன்னேன். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

"அப்ப இப்பவே விடச் சொல்லுங்கோ. கேக் வெட்டேக்கை அவள் அங்கை நிக்கோணும்."

பொலித்தீன்

பிள்ளையைத் திருப்பி அனுப்ப யோகாவின் அறையில் இடம் இருக்கிறதா என்று பார்க்கக் கிளேர் வந்தார். நான் நாற்பது நிமிடம் முந்திப் போய்க் கீழே நின்றேன். யோகா புதுக் கட்டில் வாங்கி ஜன்னலோரம் போட்டிருந்தாள். மெத்தையில் கடைப் பொலித்தீன் அப்படியே இருந்தது. கிளேரின் முகம் மாறியது. "இன்னும் பிரிக்கவே இல்லையே. பிள்ளை வரும் என்று இவர் எதிர்பார்க்கவில்லையா?"

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. வாய் தானாகத் திறந்துவிட்டது. "மதாம், எங்கள் ஆட்கள் விருப்பமான பொருளைத்தான் பொலித்தீனோடு வைப்பார்கள். என் வீட்டு ரிமோட்டுக்கு ஏழு வருடமாக உறை கழற்றவில்லை. மெத்தையின் புது வாசம் பிள்ளைக்கென்று வைத்திருக்கிறாள்." சொன்ன பிறகுதான் வேலை போகப்போகிறது என்று பயந்தேன்.

கிளேர் கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்கள் கருத்தை நான் கேட்கவில்லை. இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."

கடைசிப் புதன்

யோகா லூயி-பிளாங்க் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில், பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் வேலை எடுத்தாள். நீதவான் அபியைத் திருப்பி அனுப்பச் சம்மதித்தார். வளர்த்த மதாம் தானே பிள்ளையைக் கூட்டிவந்து, ஒரு தாளை வாசித்தார்: காளான் ஒத்துவராது, இருமல் வந்தால் நெஞ்சைத் தடவவேண்டும், படுக்கும்போது கதவு கொஞ்சம் திறந்திருக்கவேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதித் தாளில் அவர் வாசிப்பதை விட்டுக் கண்ணைத் துடைத்தார். அபி அவருடைய கோட்டைப் பிடித்த பிடியை விடவில்லை.

இந்தக் காட்சியை யோகா எப்படித் தாங்குவாள் என்று எனக்குப் பதற்றம். அவள் பிள்ளையை இழுக்கவில்லை. கதிரையைத் தள்ளி அந்த மதாமுக்குப் பக்கத்தில் வைத்து அமர்ந்தாள்.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை எங்கடை வீட்டை சாப்பிட வருவாவோ எண்டு கேளுங்கோ. உறைப்பைக் குறைச்சுச் சமைப்பன். பிள்ளைக்கு ரெண்டு பேரும் வேணும்."

ஒரு வீட்டுக்குப் பிள்ளை வந்தால் இன்னொரு வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒரு கதிரை வெறுமையாய்க் கிடக்கும். இரண்டு பக்கமும் அழவைக்கிற இந்த உத்தியோகத்துக்குத்தான் எங்கள் சம்பளத் துண்டில் 'குடும்ப உதவி' என்று பெயர் போட்டிருக்கிறார்கள்.