ஸ்கார்ஃபைக் கொடுத்துவிட்டுப் போங்கள்!

போன வருடம் கருட சேவை அன்று எங்கள் சாரணர் குழுப் பிள்ளைகள் சின்ன காஞ்சிபுரத்தில் நீர்மோர் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பு நான். பெருமாள் எங்களைக் கடந்து போனதும் தலைகளை எண்ணினேன். ஏழாம் வகுப்பு யாழினியைக் காணோம்.

அந்த நெரிசலில் அவள் பெயரைக் கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது. போலீஸ்காரர் மைக்கிலும் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அவள் வீட்டுக்கே ஓடினேன். வாசலில் அவள் அம்மா சிரித்தபடி நின்றார்.

"அவ அப்பவே வந்துட்டாளே மிஸ்! சேவைக்கு வந்த அவ மாமா கூட்டிக்கினு வந்துட்டாரு. உள்ள இட்லி சாப்ட்டுக்கினு இருக்கா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

"நீங்க வேலையா இருந்தீங்களாம், தொந்தரவு பண்ண வேணாம்னுதான்..."

கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னிடம் சொல்லாமல் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள் என்று பெற்றோர் கூட்டம் போட்டு எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

இப்போது சொல்வதை நிறுத்திவிட்டேன். யார் அழைத்துப் போனாலும், பிள்ளையின் கழுத்து ஸ்கார்ஃபைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். குழு நடத்துபவர்கள் இதைச் செய்து பாருங்கள்.

இந்த வருடமும் ஒரு பிள்ளையைக் காணோம்; ஸ்கார்ஃபும் என் கைக்கு வரவில்லை. எங்கள் மகனைச் சத்தமில்லாமல் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தவர், என் கணவர்!