காத்தாடியோடு கொட்டிவாக்கத்துக்கு

கொட்டிவாக்கம் கடற்கரைக்கு எப்படிப் போவது என்று கேட்டிருந்தீர்கள். நான் முதன்முதலாகப் போனது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலுக்குள் காற்றாலைகள் நடுவதைப் பற்றி ஆராய்ச்சி செய்தே தீருவேன் என்று அப்போது பிடிவாதமாக இருந்தேன். "தரையிலயே இப்பதாம்மா வருது, கடல்ல எதுக்கு?" என்று என் பேராசிரியர் தட்டிக்கழித்தார். கடைசியில், மாலை அந்தக் கடற்கரையில் நடக்க வரும்போது சின்னதாகச் செய்து காட்டினால் பார்ப்பதாக இறங்கிவந்தார். அவர் சரி என்றால் சென்னையில் மூன்று வருடம். இல்லையென்றால், பதவி உயர்வோடு பம்பாய்க்கு மாற்றல் வந்திருந்த என் கணவர் சேவியரோடு நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மயிலாப்பூரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். அடையாறில் பஸ் மாற வேண்டும். அங்கே நிற்கும்போதுதான், காற்றாலைக்குப் பதிலாகக் காட்ட, காலையில் சேவியரை வாங்கிவரச் சொன்ன நான்கு காத்தாடிகளைப் பார்க்கப் பையைத் திறந்தேன்.

"என்னங்க, பட்டத்தையா வாங்கிட்டு வந்திருக்கிய?"

"காத்தாடிதானே கேட்ட? சைதாப்பேட்டை வரைக்கும் போய் வாங்கியாந்தேன். நூல் வேற சூப்பரா மாஞ்சா போட்டது!"

நான் தெற்கே ஆரல்வாய்மொழிக்காரி. எங்களுக்குக் காத்தாடி என்றால் சுற்றும். சாந்தோமில் பிறந்த இவருக்கு அது பறக்கும். கல்யாணமாகி ஒரு வருடமாகியும் இந்தச் சொல் எங்களுக்குள் முட்டிக்கொண்டதே இல்லை. பஸ் ஸ்டாப் என்றும் பாராமல் எனக்கு அழுகை வந்துவிட்டது. சேவியர் எதிர்க்கடைக்கு ஓடி, கெட்டித் தாளும் கத்தரியும் குண்டூசியும் வாங்கிவந்தார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் பட்டங்களைப் பிரித்துக் குச்சிகளை உருவி, சுற்றும் காத்தாடி செய்ய ஆரம்பித்தார்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பஸ்லயே கடை போட்டுக்கினு கீற?"

"ஊட்டுக்காரம்மா பரீட்சை நைனா!"

நானும் சிரித்துவிட்டேன்.

கடற்காற்று நன்றாக வீசியது. இரண்டு காத்தாடிகளை ஒன்றன் பின் ஒன்றாக மணலில் நட்டோம். முன்னது பிய்த்துக்கொண்டு சுற்ற, பின்னது சோம்பியது. முன்னது வேகத்தை எடுத்துக்கொண்டு கலங்கிய காற்றைப் பின்னால் தள்ளுகிறது, கடலில் வரிசையாக நட்டாலும் இதே கதிதான் என்று நடக்க வந்த பேராசிரியரிடம் சொன்னேன். பிறகு முன்னதைக் கொஞ்சம் திருப்பச் சொன்னேன். சேவியர் ஈர மணலில் மண்டியிட்டுத் திருப்பினார். கலங்கிய காற்று பக்கவாட்டில் ஒதுங்கியது. முன்னது சற்றே தணிய, பின்னது விறுவிறுவென்று சுற்றியது.

"முன்னாடி நிக்கிறதுக்கு நஷ்டமாச்சேம்மா?"

"கொஞ்சம் நஷ்டம்தான் சார். ரெண்டையும் சேத்துப் பாத்தா லாபம். எவ்வளவு திருப்பணும்ங்கிறதுதான் என் ஆராய்ச்சி."

பேராசிரியர் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, எழுதிட்டு வா," என்றார்.

போகிறவர்கள் வெயில் காலத்தில் பிற்பகலுக்கு மேல் போங்கள். அப்போதுதான் கடல் பக்கமிருந்து காற்று வரும். காத்தாடி வேண்டுமானால், "சுத்துறது" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. "அப்ப உங்க பம்பாய்?"

"அதான் வெள்ளிக்கிழமையே வேணாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டனே."

"வெள்ளிக்கிழமையா? இன்னிக்கு சார் முடியாதுன்னு சொல்லியிருந்தா?"

"வேற வாத்தியாரைத் தேடியிருப்போம்," என்றார், கால்சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே.